கறுப்பைத் தேடும் ஒளி

லேசர் முடியகற்றலுக்குக் காசு கட்டுமுன் யாழ்ப்பாணத்துத் தோல் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை ரொறன்ரோவிலிருந்து ஆடிக் கடைசியில் வந்து இறங்குகிறார். மண்டபம் பிடித்தாயிற்று, கூறைக்குச் சென்னை போய் வந்தாயிற்று, மேக்கப்காரருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. ஆனி பிறந்த பிறகுதான் யாரோ ஒரு சிநேகிதி காதில் போடுகிறாள்: "ஏனடி கிழமைக்குக் கிழமை நூல் போட்டுக்கொண்டு திரியிறாய்? லேசர் அடிச்சா அலுவல் முடிஞ்சுது!" அடுத்த நாளே தாயும் மகளும் கிளினிக் வாசலில். கேள்வி ஒன்றுதான்: "கலியாணத்துக்கு முந்தி முடிஞ்சிடுமோ?"

முடியாது. பக்கேஜ் விற்கிறவர் இதைச் சொல்லத் தயங்கலாம், முடிக்குத் தயக்கமில்லை. நம் உடம்பில் எந்த நேரத்திலும் எல்லா முடியும் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில வேரைவிட்டுக் கழன்று உதிரக் காத்திருக்கும், சில குழிகள் வெறுமனே ஓய்ந்து கிடக்கும். வேரோடு ஒட்டி வளர்கிற முடியைத்தான் லேசர் பதம் பார்க்கும். மற்றவை எழும்பி வரும்வரை காத்திருந்துதான் அடிக்க வேண்டும். முகத்துக்கு 4 முதல் 6 கிழமைக்கு ஒரு தடவை, கை கால்களுக்கு 6 முதல் 8 கிழமைக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறோ எட்டோ தடவைகள் என்பது பொதுவான கணக்கு. கூட்டிப் பாருங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு முகத்துக்கென்றால் தையிலாவது, கை காலுக்கென்றால் முந்திய கார்த்திகையிலாவது தொடங்கியிருக்க வேண்டும். இரண்டே மாதம்தான் இருக்கிறதென்றால் கலியாணத்தை நூலோடு ஒப்பேற்றிவிட்டு லேசரைப் பிறகு பார்ப்பதே புத்தி. கன்னத்தில் புதிதாக விழுந்த கறுப்புத் தழும்போடு மணவறையில் இருப்பதைவிட, உதட்டுக்கு மேலே நூல் போட்டுச் சிவந்திருப்பது எவ்வளவோ மேல்.

தழும்பு ஏன் விழுகிறது? இந்தக் கட்டுரையின் கதையே அதுதான்.

லேசருக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. அது அறிந்தது நிறம் ஒன்றையே. 1960 இல் முதல் லேசர் பிறந்தது. 1983 இல் றொக்ஸ் அண்டர்சன், ஜோன் பரிஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒளியின் அலைநீளத்தையும் அது பாயும் நேரத்தையும் சரியாகத் தெரிந்தெடுத்தால், தோலுக்குள் நாம் குறிவைத்த பொருள் மட்டும் சூடாகும், சுற்றியிருப்பது தப்பிக்கும் என்பது அதன் சாரம். இன்று உலகெங்கும் தோல் லேசர்கள் நடப்பது இந்தக் கணக்கில்தான். முடி விஷயத்தில் குறி, மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருள். முடித்தண்டிலுள்ள மெலனின் ஒளியை விழுங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு பக்கத்திலுள்ள வேரையும், புதிய முடியைப் பிறப்பிக்கும் செல்களையும் சுட்டு முடக்குகிறது.

1996 இல் பொஸ்டனிலுள்ள மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலைக் குழு இதைச் சிவப்புக்கல் லேசரால் மனிதரில் செய்து காட்டியது. சோதனைக்கு வந்தவர்கள் 13 பேர். அவர்கள் எல்லோரும் வெள்ளைத் தோலும் கறுத்த முடியும் உள்ளவர்கள். ஒளி தேடிப்போக முடியில் கறுப்பு இருந்தது, வழியில் மறிக்கத் தோலில் கறுப்பு இருக்கவில்லை. தொழில்நுட்பம் பிறந்த வீடு அது. நம்முடைய வீடு வேறு. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கையில் முடியும் கறுப்பு, தோலிலும் கறுப்பு. ஒளி வேரைச் சென்றடையுமுன் மேல்தோலிலுள்ள மெலனின் அதைப் பிடித்துக்கொள்ளும். கொப்புளம், கருகல், மாதக்கணக்கில் போகாத கறுப்புத் திட்டு, சிலவேளை வெள்ளைத் திட்டு, எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

தோலை நிறப்படி வகுக்க வைத்தியர்கள் பாவிப்பது ஃபிற்ஸ்பற்றிக் என்பவர் 1975 இல் போட்ட அட்டவணை. முதலில் அதில் வெள்ளையருக்கான நான்கு வகைகளே இருந்தன. மண்ணிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் ஐந்தாவதும் ஆறாவதும் பிறகுதான் சேர்க்கப்பட்டன. நம்மில் பெரும்பாலானோர் நான்கிலும் ஐந்திலும் வருவோம், ஆறில் வருவோரும் உண்டு. கிளினிக்கில் முதல் நாள் உங்கள் தோல் எந்த வகை என்று யாரும் பார்த்து எழுதவில்லையென்றால், எழும்பி வந்துவிடலாம்.

அடுத்தது மெசின். "எங்களிட்ட லேற்றஸ்ட் மெசின் இருக்கு" என்பது பதிலாகாது. அலைநீளம் எத்தனை நனோமீற்றர் என்று கேளுங்கள். லேசர் வகைகளில் சிவப்புக்கல் 694, அலெக்சாண்ட்ரைட் 755, டயோட் 800 முதல் 810 வரை, என்டி யாக் 1064. அலைநீளம் கூடக் கூட மெலனின் ஒளியை விழுங்குவது குறையும், ஒளி ஆழத்துக்கு இறங்கும். அதனால்தான் கறுத்த தோலுக்கு 1064 நனோமீற்றர் என்டி யாக் மிகவும் பாதுகாப்பானது என்று தோல் வைத்தியர்கள் சொல்கிறார்கள். மேல்தோலைப் பெரிதாகச் சீண்டாமல் கீழே போய் வேரைப் பிடிக்கும். கொஞ்சம் கூட நோகும், மெல்லிய முடியில் பலன் குறைவு என்பது அதன் விலை. டயோட்டையும் எங்கள் தோலில் பாவிக்கலாம். ஆனால் நீண்ட துடிப்பும், நல்ல குளிரூட்டலும், சக்தியைக் குறைத்துத் தொடங்கத் தெரிந்த கையும் வேண்டும். 755 ஐக் கறுத்த தோலில் பிடிப்பவருக்கு அசாத்தியத் துணிச்சல் இருக்க வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஐ.பி.எல். என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. இது வேறு. ஒரே அலைநீளமில்லாமல் பல நிறம் கலந்து அடிக்கும் பளிச்சொளி. இதையும் 'லேசர்' என்று சொல்லியே பல இடங்களில் விற்கிறார்கள். கறுத்த தோலைச் சுடும் வாய்ப்பு இதில் கூட.

கறுப்பில்லாத முடியில் ஒளிக்குப் பிடிப்பில்லை. நரைத்த முடிக்கும் செம்பட்டை முடிக்கும் லேசர் வீண் செலவு. நாடியில் நாலைந்து வெள்ளை முடி வந்த நாற்பத்தைந்து வயது அம்மாவுக்குப் பழைய மின்னூசி முறைதான் கைகொடுக்கும். 1875 இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிஷேல், கண்ணுக்குள் திரும்பி வளரும் இமை முடியை அகற்றக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு முடிக்குழியாக ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டும். பொறுமையைத் தின்னும் வேலை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'நிரந்தர அகற்றல்' என்று ஏற்றுக்கொள்வதும் இதைத்தான். லேசருக்கு அது அனுமதித்திருப்பது 'நிரந்தரக் குறைப்பு' என்ற வாசகம் மட்டுமே. சிகிச்சை முடிந்த பிறகு முடி குறைந்திருக்கும், மெலிந்திருக்கும், ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மீண்டும் போக வேண்டிவரலாம். விளம்பரத்தில் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று கண்டால் யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லேசர் அடித்த இடத்தில், அல்லது அதன் ஓரத்தில், முன்பைவிடக் கூடுதலாக முடி முளைப்பதுண்டு. கறுத்த தோலுள்ள பெண்களின் கன்னத்திலும் கழுத்திலும், அதிலும் ஓமோன் குழப்பம் உள்ளவர்களிடத்தில், இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. வேரை முடக்கப் போதாத சூடு, தூங்கிக் கிடந்த வேரை எழுப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கன்னத்துப் பூனைமுடிக்கு லேசர் வேண்டாம் என்று நல்ல வைத்தியர் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான்.

முடி ஏன் வந்தது?

உதட்டுக்கு மேலே நாலு முடி இருப்பது நோயில்லை. எங்கள் பெண்களில் பலருக்கு அது பரம்பரை. ஆனால் நாடியிலும் தாடை ஓரத்திலும் நெஞ்சிலும் தொப்புளுக்குக் கீழேயும் தடித்த முடி வரத் தொடங்கினால், மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போனால், முகப்பரு அடங்காவிட்டால், கழுத்துப் பின்புறம் அழுக்குப்போலக் கறுத்து எவ்வளவு தேய்த்தாலும் போகாவிட்டால், லேசர் கிளினிக்குக்கு முன் போக வேண்டிய இடம் வேறு. பல்பை சூலக நோய்க்கூறு, அதாவது எல்லோரும் பி.சி.ஓ.எஸ். என்று சொல்வது, இப்படித்தான் முகம் காட்டும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் 100 இல் 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறதென்றும், அவர்களில் 70 வீதம் வரையானோர் தமக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடையே செய்து 2008 இல் வெளியான ஆய்வில் 6.3 வீதமானோருக்கு இது காணப்பட்டது. அந்தக் கறுத்த கழுத்து இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம், பின்னால் வரும் நீரிழிவுக்கு முன்னறிவித்தல். அதைத் தேய்த்துக் கழுவச் சொல்லிப் பிள்ளையை ஏசுகிற தாய்மார் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

யாழ். போதனா வைத்தியசாலையில் பெண்ணோயியல், தோல், அகஞ்சுரப்பியல் கிளினிக்குகள் மூன்றும் இருக்கின்றன. கட்டணமில்லை, கியூதான் நீளம். இரத்தத்தில் ஓமோன்களும் சீனியும் பார்ப்பார்கள், தேவையானால் ஸ்கான் எடுப்பார்கள். மாத்திரை தொடங்கினால் முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது செல்லும். இது ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் லேசர் நடந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். உள்ளே ஓமோன் புதிய முடியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது வெளியே மட்டும் சுட்டுக்கொண்டிருப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதுபோல.

ஒரே ஓர் எச்சரிக்கை அவசரமானது. சில மாதங்களுக்குள் சடுதியாக முடி பெருகி, குரலும் தடித்து, தலைமுடி ஆண்களைப்போல ஏறிக்கொண்டு போனால், அன்றே வைத்தியரைப் பாருங்கள். சூலகத்திலோ அதிரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கக்கூடும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, முக முடிக்கு லேசர் ஆடம்பரம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் லண்டனில் செய்து 2005 இல் வெளியான ஆய்வொன்றில், சரியான அளவில் லேசர் பெற்றவர்கள் முடி அகற்றுவதற்குக் கிழமைக்குச் செலவழித்த நேரம் 112 நிமிடத்திலிருந்து 21 நிமிடமாகக் குறைந்தது. மனச்சோர்வும் குறைந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன் சாமணத்தோடு நிற்கிற நேரம் அது. திருநங்கைகளுக்கும் தாடி அகற்றல் வெறும் வடிவு விஷயமில்லை, வீதியில் நிம்மதியாக நடப்பதற்கான வழி.

வெயிலும் நூலும்

யாழ்ப்பாண வெயிலைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் கறுத்த தோலுக்கு லேசர் அடிப்பது, அடுப்பில் ஏற்கனவே இருக்கும் சட்டிக்கு மேலும் விறகு வைக்கிற வேலை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முன்னே நாலு கிழமை, பின்னே நாலு கிழமை வெயில் படாமல் பார்க்க வேண்டும். ஸ்கூட்டி ஓடும் பெண்கள் முழுக்கைக் கையுறையும் முகத்துணியும் போடுவதைப் பகிடி பண்ணுகிறவர்கள் உண்டு. லேசர் செய்கிறவருக்கு அது மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய உடுப்பு. நெஞ்சு, முதுகு முடிக்கு வருகிற ஆண்கள் நல்லூர்த் திருவிழாவை மறந்துவிடக் கூடாது. கொடியேறி 25 நாளும் சட்டையில்லாமல் வீதி சுற்றுகிறவர், அதற்கு முதல் மாதமும் அடுத்த மாதமும் லேசருக்கு நாள் குறிக்கக் கூடாது.

நூல், வக்ஸ், சாமணம் மூன்றையும் குறைந்தது நாலு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசருக்குத் தேட என்ன இருக்கிறது? இடையில் சவரம் செய்யலாம். இந்த இடத்தில் எல்லா வீட்டிலும் ஒரு மூத்தவர் குறுக்கிடுவார்: "பொம்பிளைப்பிள்ளை முகத்தில கத்தி வைச்சால் தாடி முளைக்கும்." முளைக்காது. வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் தடித்ததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். சிகிச்சைக்கு முதல் நாள் சவரம் செய்துகொண்டு போகத்தான் வேண்டும். மேலே நிற்கும் முடி கருகினால் தோலும் கருகும்.

பாவிக்கிற மருந்து, கிறீம் எல்லாவற்றையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முகப்பருவுக்குக் குடிக்கும் ஐசோரெற்றினோயின், வெளிச்சத்தில் தோலைக் கூச வைக்கும் டொக்சிசைக்கிளின், உதட்டில் அடிக்கடி வரும் அக்கி, காயம் ஆறியபின் தடித்து வளரும் தழும்பு, கர்ப்பம், பச்சை குத்தியது, எல்லாமே முடிவை மாற்றும். பெயரில்லாத டப்பாவில் வரும் வெள்ளையாக்கும் கிறீமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் ஸ்ரெரோயிட்டும் பாதரசமும் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் அதைப் பூசி மெலிந்துபோன தோல், லேசரைத் தாங்காது. ஸ்ரெரோயிட்டே முகத்தில் முடியை வளர்க்கவும் கூடும் என்பது இதிலுள்ள வேடிக்கை.

அன்றைய நாள்

முதலில் சோதனை அடி. காதோரம் அல்லது தாடைக்குக் கீழே ஒரு சிறிய இடத்தில் இரண்டு மூன்று துடிப்பு அடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கறுத்த தோலில் விளைவு தாமதித்தே தெரியும். ஆகவே ஒரு நாளில் முடிவு சொல்லாமல் ஒரு கிழமையாவது பார்ப்பது நல்லது. 'இண்டைக்கே முழுக்கச் செய்வம்' என்பவரிடம் அவசரம் யாருக்கு என்று கேட்கலாம்.

பிறகு சிகிச்சை. குளிர்ந்த ஜெல் பூசுவார்கள், அல்லது ஒவ்வொரு துடிப்போடும் குளிர்வாயு சீறும். றப்பர் வளையத்தை இழுத்துவிட்டதுபோலச் சுள்ளென்று ஒரு அடி, உடனே முடி தீய்ந்த மணம். உங்கள் கண்ணுக்கும் மூடி, செய்கிறவர் கண்ணுக்கும் அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி. இது இல்லாமல் தொடங்கவே விடாதீர்கள். புருவத்துக்குக் கீழே, கண்குழிக்குள் லேசர் அடிக்கக் கூடாது. கருவிழிப்படலம் பழுதான சம்பவங்கள் மருத்துவச் சஞ்சிகைகளில் இருக்கின்றன. முடிந்தபின் முடிக்குழிகளைச் சுற்றிச் சிறு தடிப்பும் சிவப்பும் வந்தால் அது நல்ல அறிகுறி, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். தோல் சாம்பல் நிறமாகி வெளுத்தால், அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் முடி கரும்புள்ளிகளாக வெளியே வரும். வளர்கிறதென்று பயப்பட வேண்டாம், அது உதிர்கிறது.

நோகும் என்று பயந்து பாமசியில் மரக்கச்செய்யும் கிறீம் வாங்கி, கால் முழுக்கப் பூசி, பொலித்தீனால் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இதையே செய்த 22, 25 வயதுப் பெண்கள் இருவர் வலிப்பு வந்து, நினைவிழந்து இறந்துபோனதை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2007 இல் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. பூசிய மருந்து இரத்தத்தில் கலந்து இதயத்தைப் பாதித்திருக்கிறது. கிறீம் தேவையென்றால் அளவையும் இடத்தையும் வைத்தியர் சொல்லட்டும்.

"கான்சர் வருமோ? பிள்ளை தங்காதோ?" என்று மெல்லிய குரலில் கேட்பார்கள். இந்த ஒளி தோலுக்குள் சில மில்லிமீற்றர்தான் போகும், சூலகத்தை எட்டாது. மரபணுவை உடைக்கும் கதிருமில்லை. பயத்துக்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1920 களில் அமெரிக்க அழகு நிலையங்களில் 'ரிறைக்கோ' என்ற பெயரில் எக்ஸ் கதிரால் முடி அகற்றினார்கள். நோகாது, வேகமானது என்றுதான் அன்றைக்கும் விளம்பரம். வருடங்கள் கழித்துப் பலருக்குத் தோல் புற்றுநோய் வந்தது. லேசர் எக்ஸ் கதிரல்ல. ஆனால் மெசின் அழகு நிலையத்துக்கு எவ்வளவு இலகுவாக வந்து சேர்கிறது என்பது இன்றும் அதே கதைதான்.

மெசினைப் பிடிக்கும் கை யாருடையது என்பதைக் கேட்பது அவமரியாதை இல்லை. இலங்கையில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையில் பதிய வேண்டும். வைத்தியருக்கு இலங்கை மருத்துவச் சபையின் பதிவு எண் இருக்கும். மருத்துவ உபகரணங்கள் 2015 இல் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்துக்குள் அடங்கும். சான்றிதழைச் சுவரில் பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். தோல் நோய் நிபுணரும், குறுகிய பயிற்சி முடித்து 'ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்' என்று பலகை போட்டவரும் ஒன்றல்ல. 'லண்டனில் செய்தால் பயமில்லை' என்பதும் முழு உண்மையில்லை. இங்கிலாந்தில் அழகுக்கான லேசர்களைச் சுகாதாரக் கண்காணிப்புப் பதிவிலிருந்து 2010 இல் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வேல்ஸில் பதிவு தொடர்கிறது.

முழுப் பக்கேஜுக்கும் முதலிலேயே காசு கட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அலைநீளம், சக்தி, துடிப்பு நேரம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். இடையில் ஊர் மாறினாலும் அடுத்த வைத்தியர் அதிலிருந்து தொடரலாம்.

கனடாவிலிருந்து மாமி கொண்டுவரும் வீட்டு மெசினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் அநேகம் ஐ.பி.எல். பெட்டியில் தோல் நிற அட்டவணை இருக்கும், அதில் கடைசி ஒன்றிரண்டு கட்டத்தில் குறுக்குக்கோடு போட்டிருக்கும். அந்தக் கட்டம் நாங்கள். தோலில் வைத்தும் மெசின் அடிக்க மறுத்தால் அது பழுதில்லை, உணரி உங்கள் நிறத்தைப் பார்த்துத் தடுத்திருக்கிறது. வெளிர்ந்த உள்ளங்கையைக் காட்டி அதை ஏமாற்றிப் பார்க்க வேண்டாம். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230 என்பதையும் செருகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுட்டுவிட்டால்? ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, நெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், வெயிலில் காட்டாதீர்கள், சுட்ட இடத்துக்கே திரும்பிப் போய் அவர்கள் தரும் கிறீமை நம்பிக்கொண்டிராமல் தோல் கிளினிக்குக்குப் போங்கள். கறுப்புத் திட்டு பெரும்பாலும் மாதங்களில் மங்கும், நாட்பட்டு வந்தால் வைத்தியம் கடினம். அன்றன்றைய படத்தைத் திகதியோடு போனில் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டும் அந்த அட்டையும் பத்திரம். வைத்தியர் மீதான முறைப்பாடு மருத்துவச் சபைக்கு, நிறுவனம் மீதானது ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு, காசு வாங்கி ஏமாற்றியது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு. கடைசியாகச் சொன்னதன் தொலைபேசி இலக்கம் 1977.